கடல் பக்க அறைக்குக் கூரை

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. வல்லாஹி, இது எனக்கு நடந்தது.

பேய்க் கதை என்றால் ராத்திரி வேண்டும், கரண்ட் போக வேண்டும், எங்கோ ஒரு நாய் ஊளையிட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று அனலை அள்ளி முகத்தில் எறிகிற நேரம். இட்டுக்கட்டிச் சொல்கிறவனாக இருந்தால் இதைவிடப் பொருத்தமான நேரம் பார்த்து வைத்திருக்கமாட்டேனா?

என் பெயர் மிஹ்லார். கட்டாரில் ஏசி குழாய் பொருத்தும் கம்பனியில் வேலை. ஊர் கல்முனைக்குப் பக்கத்தில். எந்த வீதி என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வீட்டில் இப்போதும் என் தங்கச்சி இருக்கிறாள். அதுதான் பிரச்சினையே.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண்ணின் வீட்டில்தான். வாப்பா மவுத்தாகிவிட்டார், ஆகவே தங்கச்சி ஹப்ஸாவுக்கு வீடு கட்டும் பாரம் என் தலையில். அந்த வீடு எழும்பும்வரை என் கல்யாணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இங்கே அண்ணனைக் காக்கா என்போம்; எல்லாக் காக்காமாரின் கதையும் இதுதான்.

உம்மா கடலுக்குக் கிட்ட ஒரு வளவு வாங்கியிருந்தார். அதில் பழைய வீடொன்றின் அத்திவாரம் அப்படியே கிடந்தது. சுனாமியில் போன வீடு. எங்கள் ஊரில் அப்படி எத்தனை அத்திவாரம் கிடந்தது! யாருடையது என்று உம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தரகர் காட்டினார், வாங்கினோம். நல்ல கருங்கல், வீணாக்குவானேன் என்றார் மேசன். அந்த அத்திவாரத்தின் மேலேயே சுவரை எழுப்பினோம்.

போன வருசம் நான் லீவில் வந்தபோது சுவரெல்லாம் முடிந்திருந்தது. மிச்சம் கூரை மட்டும். நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. கூரை மரவேலைக்கு ஜவுபர் ஓடாவியைப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் தச்சரை ஓடாவி என்றுதான் சொல்வோம். அறுபது வயது, பேச்சு குறைவு, வேலை சுத்தம்.

"படம் ஒண்டு தாங்க தம்பி. வாயால சொல்றத வெச்சி மரம் வெட்ட ஏலா."

"படம்தானே, நான் கம்பியூட்டர்ல போட்டுத் தாறன்" என்றேன். வெளிநாட்டுக்காரன் வாய், சும்மா இருக்குமா?

வீட்டு டிசைன் மென்பொருள் ஒன்றை மடிக்கணினியில் இறக்கி வைத்திருந்தேன். சுவர் போட்டேன், கதவு போட்டேன், யன்னல் போட்டேன். எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்தது. கூரையில்தான் மாட்டிக்கொண்டேன். சதுர வீடு என்றால் ஒரே அழுத்தில் கூரை விழுந்துவிடும். எங்கள் வீடு மடங்கின வீடு. கடல் பக்க அறை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு சரிவும் சந்திக்கிற மூலையில் ஒன்று மற்றதைக் குத்திக்கொண்டு போகும். சரிசெய்தால் அறைக்கு மேல் ஓட்டை விழும். இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாவது நாள் முகநூலில் அந்த மென்பொருள் பாவிக்கிறவர்களின் தமிழ்க் குழுவில் படத்தைப் போட்டு உதவி கேட்டேன்.

ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் "பேசாமல் கொங்கிரீட் தட்டுப் போடுங்கள்" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த நாள் கட்டுகிற வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்வோம் என்று போனேன். நடுக்கூடத்தில் நிழலுக்கு ஒரு நீலத் தறப்பாள் கட்டியிருந்தது. மற்றபடி வீடு முழுக்க மேலே வானம்தான். ஜவுபர் ஓடாவியும் ஆட்களும் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். சீமெந்துப் பைகளின் மேல் மடிக்கணினியை வைத்தேன். நேரம் 1.50. போனில் ஒரு தகவல் வந்து கிடந்தது.

"கூரைக்கு உதவி கேட்டது நீயா மனே?"

பெயர் முஸ்தாக். படம் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சு! எனக்கு வாயெல்லாம் பல்.

"ஓம் காக்கா. ரெண்டு நாளா மண்ட காயிது."

"வழிய உடு. நான் போடுறன்."

தூரத்திலிருந்து மற்றவர் கணினியை இயக்குகிற செயலி இருக்கிறதே, அதைத் திறந்து என் இலக்கத்தை அனுப்பினேன். அனுப்பி முடியவில்லை, அவர் உள்ளே வந்துவிட்டார். இணைந்திருப்பவரின் இலக்கம் மேலே தெரியும். பார்த்தேன்.

அது என்னுடைய இலக்கம்.

செயலியில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். உதவிக்கு வந்த ஆளைப் போய் விசாரிப்பதா?

சுட்டி தானாக நகர்ந்தது. என்ன வேகம்! என் கோணல் கூரையை ஒரேயடியாக அழித்தார். முகடு வைத்தார். இரண்டு சரிவும் சந்திக்கிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைச் சட்டம் போட்டார். கைமரத்தின் நுனி ஒவ்வொன்றையும் பிறை மாதிரி வளைத்து வெட்டினார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சுட்டி கடல் பக்க அறைக்குப் போனது. சுவரைப் பிடித்து அரை அடி இழுத்தது.

"காக்கா, அது பதினொண்டு."

"பதினொண்டர."

எழும்பிப் போய் அளவு நாடாவைப் பிடித்தேன். பதினொன்றரை. சரியாகப் பதினொன்றரை.

திரும்பி வந்தபோது திரையில் அந்த அறைக்குள் இரண்டு கட்டில்கள் இருந்தன. சின்னக் கட்டில்கள், பிள்ளைகள் படுக்கிறவை. பக்கத்தில் பக்கத்தில்.

"கட்டில் வேணாம் காக்கா. கூர மட்டும் போதும்."

நானே அழித்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தன. அழித்தேன். திரும்ப வந்தன.

கூரை முடிந்துவிட்டது. அழகான கூரை. ஆனால் கடல் பக்க அறைக்கு மேல் ஒரு சதுர ஓட்டை. ஓர் ஆள் நுழையலாம்.

"அந்த ஓட்டைய மூடுங்க காக்கா."

"மூடாத."

"மழை வந்தா?"

"மூடாத மனே. ஏற வழி வேணும்."

எரிச்சல் வந்தது. உதவி செய்ய வந்தவர் வீட்டுக்காரன் பேச்சைக் கேட்க வேண்டாமா? நானே ஓட்டையை மூடினேன்.

சுட்டி நின்றது.

திரையில் வெளிச்சம் மாறியது. அந்த மென்பொருளில் சூரியனை வைக்க ஓர் இடம் உண்டு. மாதமும் நேரமும் கொடுத்தால் நிழல் அதற்கேற்ப விழும். நான் அதைத் தொட்டதே இல்லை. இப்போது அங்கே டிசம்பர் 26 என்று இருந்தது. காலை எட்டரை தாண்டி.

எங்கள் ஊரில் அந்தத் திகதியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

"காக்கா... இது என்ன விளையாட்டு?"

வீட்டுக்குள் நடந்து பார்ப்பது மாதிரி ஒரு காட்சி உண்டு. அது தானாகத் திறந்தது. கடல் பக்க அறைக்குள் நிற்கிறேன். எதிரே மூடிய கதவு. இரண்டு கட்டில்கள். பார்வையின் உயரம் ஒரு சின்னப் பிள்ளையின் உயரம்.

பிறகு அது எழும்பத் தொடங்கியது.

மெதுவாக. மிதக்கிற மாதிரி. கட்டில்கள் கீழே போயின. யன்னலின் மேல் விளிம்பு கீழே போனது. கதவின் நிலை கீழே போனது.

பார்வை மேலே திரும்பியது. சீலிங் பலகை. திரை முழுக்கப் பலகை.

நான் சுட்டியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. விசைகளை அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பலகை இன்னும் கிட்ட வந்தது...

டொக்.

திரை அதிர்ந்தது. முட்டிவிட்டுப் பின்னால் வந்து, திரும்பவும்...

டொக். டொக்.

கணினிக்கு இணையம் தந்த போனின் இணைப்பைத் துண்டித்தேன். இனி யாரும் என் கணினிக்குள் இருக்க முடியாது.

டொக். டொக். டொக்.

அப்போதுதான் விளங்கியது. அந்த மென்பொருளுக்குச் சத்தமே கிடையாது.

சத்தம் கணினியில் இல்லை. எனக்குப் பின்னால். கடல் பக்க அறையில்.

கூரையே இல்லாத அறையில்... பலகையில் தட்டுகிற சத்தம்.

எழும்ப முடியவில்லை. ஆயத்துல் குர்ஸி ஓத வாயெடுத்தேன், நாக்கு புரளவில்லை. அந்தக் கொதிக்கிற வெயிலில் பல் கிடுகிடுவென்று அடித்தது.

சின்னக் கைகள் தட்டுகிற சத்தம். கீழிருந்து.

பிறகு அதற்கு மேலிருந்து இன்னொரு சத்தம். கனமான கை. உள்ளங்கையால் அடிக்கிற, நகத்தால் பிறாண்டுகிற சத்தம்.

கீழிருந்து தட்டுவது குறைந்தது.

குறைந்தது...

நின்றது.

மேலிருந்த கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தவே இல்லை. நான் என்ன செய்ய? அல்லாஹ், நான் என்ன செய்ய முடியும்?

"தம்பி! என்ன, காய்ச்சலா?"

ஜவுபர் ஓடாவி என் தோளைப் பிடித்து உலுக்கினார். சத்தம் இல்லை. நேரம் 2.35. சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. திரையைக் கையால் காட்டினேன். கூரைப் படம் சாதாரணமாக இருந்தது. நான் மூடின ஓட்டை திறந்திருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே சீமெந்துப் பையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கூரய ஆரு போட்ட?"

"முகநூல்ல ஒரு ஆள். முஸ்தாக் எண்டு."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கைமர நுனிய இப்பிடி வெட்டுறது ஒரே ஒரு ஆள்தான் மனே. என்னோட வேல செஞ்ச முஸ்தாக் ஓடாவி. இது அவர்ட வளவுதான். நீங்க வாங்கக்குள்ள என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முஸ்தாக் ஓடாவியின் இரண்டு பெண்பிள்ளைகளும் பல்லிக்குப் பயம். ஓட்டிலிருந்து பல்லி விழுகிறது என்று அழுவார்களாம். அதற்காகவே கடல் பக்க அறைக்குப் பலகைச் சீலிங் அடித்தார். இடைவெளி துளியும் விடவில்லை. ஊரில் அப்படி ஒரு சீலிங் இல்லை என்று எல்லாரும் வந்து பார்த்தார்களாம்.

சுனாமி அன்று காலை அவர் வெளி வாசலில் நின்றார். தண்ணீர் அவரைத் தூக்கி அவர் வீட்டுக் கூரையிலேயே போட்டது. மனைவியும் பிள்ளைகளும் அறைக்குள். தண்ணீர் தள்ளினதில் கதவைத் திறக்க முடியவில்லை.

"ஓட்டெல்லாம் புடுங்கி எறிஞ்சிட்டார். கீழ பலக. அவரே அடிச்ச பலக. கையில ஒரு சாமானும் இல்ல, வெறுங்கை. உள்ளுக்கிருந்து தட்டினாங்களாம். இவரும் தட்டினாராம். பொறவு... அவங்க தட்டயில்ல."

"முஸ்தாக் ஓடாவி இப்ப எங்க?"

"அவர் மவுத்தாகி ஏழெட்டு வருசம். நான்தான் கபுறுக்க எறங்கி மையத்த வாங்கின. அவர்ட விரல்ல ஒண்டிலயும் நகம் சரியா மொளைக்கவே இல்ல மனே."

போனை எடுத்து அந்தத் தகவலைத் தேடினேன். இல்லை. முகநூல் குழுவில் என் படம் இருந்தது, சிரித்தவன் இருந்தான், தட்டுப் போடச் சொன்னவன் இருந்தான். முஸ்தாக் என்று ஒருவரும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நிக்காஹ் நெருங்குகிற நேரத்தில் உம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? அந்தப் படத்தில் இருந்தபடியே ஜவுபர் ஓடாவி கூரை போட்டார். ஓட்டில் அந்தச் சதுரத்துக்கு மட்டும் ஒரு தகடு, கையால் தள்ளினால் கழன்றுவிடும். அதற்கு நேர் கீழே சீலிங்கில் ஒரு மூடி வைத்தார், சின்னப் பிள்ளை தள்ளினாலும் திறக்கும். வெளிச்சுவரோடு ஓர் இரும்பு ஏணியும் வைத்தார். அன்றைக்கு அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை றஸ்மி, வங்கியில் வேலை, நல்ல பொடியன், கலகலவென்று பேசுவான். நான் கட்டாருக்குத் திரும்பினேன். மூன்று மாதம் ஒன்றுமில்லை. மறக்கவே தொடங்கிவிட்டேன்.

டிசம்பரில் ஊரில் மழை. ஹப்ஸா ஒரு படம் அனுப்பினாள். கடல் பக்க அறை. பளபளவென்று புதுச் சீலிங், நடுவில் பூ வேலை. மூடி இல்லை.

"றஸ்மி செஞ்ச வேல காக்கா. அந்த ஓட்டயால ஒழுகிச்சி. மேல தகட்டயும் எடுத்துட்டு ஓடு போட்டு மூடியாச்சி. வடிவா இரிக்கா?"

உடனே அழைத்து அதைத் திறக்கச் சொன்னேன். றஸ்மி போனை வாங்கிச் சிரித்தான்.

"மச்சான், வெளிநாட்டுல இரிந்து கூரைய நெனச்சி நித்திர முழிக்கீங்களா? நான் பாத்துக்கிறன்."

வீட்டைக் கொடுத்த பிறகு காக்கா அங்கே விருந்தாளிதான். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. அதற்கு மேல் நான் என்ன கதைப்பது?

அன்று பின்னேரம் ஹப்ஸாவின் குரல் பதிவொன்று வந்தது. "காக்கா, சீலிங்குக்கு மேல எலி போல. பகல் முழுக்கத் தட்டுது. இவர் நஞ்சு வெக்கப் போறாராம்." அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம். மழைக்குப் பின்னால் அந்தக் கனமான கை.

மடிக்கணினியை எடுத்தேன். ஊரிலிருந்து வந்த பிறகு அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை. திறந்தேன்.

ஓட்டை மூடியிருந்தது. நான் மூடவில்லை.

கடல் பக்க அறைக்குள் இரண்டு சின்னக் கட்டில்கள்.

அவற்றுக்குப் பக்கத்தில்... ஒரு தொட்டில்.

அது முந்தி இருக்கவில்லை. உம்மா மேல் ஆணையாக, அது இருக்கவில்லை.

ஹப்ஸாவுக்கு அழைத்தேன்.

"புள்ள, உனக்கு... உடம்புக்கு ஏதும் விசேசமா?"

வெட்கத்தோடு சிரித்தாள்.

"காக்கா! ஆரு சொன்ன உங்களுக்கு? இண்டைக்குக் காலையிலதான் எங்களுக்கே தெரியும். உம்மாக்கும் இன்னும் சொல்லயில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். வேறு என்ன சொல்ல? "நீங்க எந்த அறையில படுக்கிற?"

"கடல் பக்கத்து அறைதான். தொட்டிலுக்கும் எடம் இரிக்கி."

கெஞ்சினேன். அறையை மாற்றச் சொன்னேன். சீலிங்கை உடைக்கச் சொன்னேன். கடைசியில் முஸ்தாக் ஓடாவியைப் பற்றியும் சொன்னேன். அவள் பயந்து அழத் தொடங்கினாள். றஸ்மி போனைப் பறித்து, "புள்ளத்தாச்சிக்கிட்ட கதைக்கிற கதையா மச்சான் இது?" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என் அழைப்பை எடுக்கவில்லை. உம்மாவுக்கும் என்மேல் கோபம். லீவு கேட்டேன், கம்பனி தரவில்லை.

கடைசியாக ஜவுபர் ஓடாவிக்கு எடுத்தேன். இறக்காமத்தில் ஒரு வேலையில் நின்றார். மூடியைத் திரும்ப வைக்கப் போகச் சொன்னேன். போய்விட்டு அவரே திரும்ப எடுத்தார்.

"போய்ப் பாத்துட்டன் மனே. மாப்புள உள்ளுக்க உடல்ல. அடுத்தவன் ஊட்டுக் கூரைய நான் எப்பிடி ஒடைக்கிற?"

தொட்டிலைப் பற்றிச் சொன்னேன்.

"அத நான் உங்களுக்குச் சொல்லயில்லயே தம்பி. முஸ்தாக் ஓடாவிட பொஞ்சாதி அப்ப புள்ளத்தாச்சி. தலமாசம்தான். அண்டைக்குக் காலையிலதான் அவக்கே தெரியும். அந்தச் சந்தோசத்துல இவர் பலக எடுத்துட்டு வெளி வாசலுக்கு வந்து, தொட்டிலுக்கு அளவு போட்டுட்டு நிண்டிரிக்கார்."